கல்யாணத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?

குடமுருட்டிக்கரை

தஞ்சாவூர், திருவாரூர், மாயவரம், நாகை என்று நம் பக்கம் எங்கே போனாலும், ஒரு கல்யாணம் நடந்தது என்று ஊர் ஒப்புக்கொள்வது தாலியையும் அட்சதை போட்டவர்களையும் வைத்துத்தான். சார் பதிவாளர் ஆபீஸ் பக்கம், பாஸ்போர்ட்டுக்குத் தேவை வரும்வரை பலர் தலைவைத்துப் படுப்பதில்லை. அதனால் அந்தக் கல்யாணம் குறைந்துபோவதும் இல்லை.

அப்படியிருக்க யார் யாரைக் கட்டலாம், எத்தனை வயதில் கட்டலாம், எத்தனை நாளில் பதியவேண்டும், எப்படிப் பிரியவேண்டும் என்று எல்லாவற்றிலும் அரசு ஏன் நுழைகிறது? நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது இரண்டு பேர் பேசி எழுதிக்கொள்கிறோம். கல்யாணத்தையும் அப்படி ஓர் ஒப்பந்தமாக விட்டுவிட்டு, சடங்கைக் கோயிலுக்கும் ஜமாத்துக்கும் தேவாலயத்துக்கும் விட்டால் என்ன கெட்டுப்போகும்? கொள்கைப் பேச்சு வேண்டாம். அரசு முழுதாக ஒதுங்கினால் எது எது உடையும் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டாறு

முதலில் குத்தகைக்கே வருகிறேன். நம் ஜில்லாவில் குத்தகையை இரண்டு பேர் பேசி முடிக்கும் விஷயமாக யாரும் விட்டுவைக்கவில்லை. 1952இல் தஞ்சாவூருக்கென்றே சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரணம் ஒன்றுதான்: மிராசுதாரும் சாகுபடி செய்பவரும் சமமாக உட்கார்ந்து பேசவில்லை. ஒருவர் நினைத்தால் மற்றவரை அடுத்த போகத்துக்கு வெளியே நிறுத்தலாம். கல்யாணத்தில் அரசு நுழைந்த இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இதே காரணம் அடியில் இருக்கும்.

இரண்டாவது, அரசு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நுழையவில்லை. யார் கட்டலாம் என்பது ஒன்று, எப்படிக் கட்டினால் செல்லும் என்பது வேறு, எழுதிவைப்பது வேறு, பிரிவது வேறு. எப்படிக் கட்டினால் செல்லும் என்பதில் தமிழ்நாட்டு அரசு செய்தது கட்டுப்பாடே இல்லை, விடுதலை.

1950களில் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் சாஸ்திரப்படியும் இல்லை, நிலைபெற்ற வழக்கப்படியும் இல்லை, ஆகவே செல்லாது என்றது. புரோகிதர் இல்லாமல், தலைவர் ஒருவர் முன்னால் மாலை மாற்றிக்கொண்ட எத்தனையோ தம்பதிகள் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகாதவர்களாக நின்றார்கள். அவர்கள் பிள்ளைகளின் சொத்துரிமையும் அதோடு ஆடியது. அண்ணா முதல்வரானதும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதுதான் 7-ஏ பிரிவு. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் போட்டால், தாலி கட்டினால் போதும். இவற்றில் ஏதாவது ஒன்று. ஐயர் கட்டாயமில்லை, அக்னி கட்டாயமில்லை. முன்னே நடந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும் என்று எழுதிவைத்தார்கள். அரசு ஒதுங்கியிருந்தால் இந்தத் தம்பதிகளுக்கு யார் வழி செய்திருப்பார்கள்?

இதே பிரிவு பின்னால் ஒரு முதல் மனைவியைக் காப்பாற்றியதையும் சொல்லவேண்டும். 1984இல் திருத்தணி தேவஸ்தான மண்டபத்தில் இரண்டாம் தாலி கட்டிய ஒருவர், சப்தபதி (அக்னி முன் ஏழடி வைக்கும் சடங்கு) நடக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை, இருதார வழக்கும் நிற்காது என்று வாதாடினார். தமிழ்நாட்டில் 7-ஏ இருக்கிறது, சப்தபதி கட்டாயமில்லை, தாலி கட்டியதே போதும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

திருமலைராசன்

வெட்டாறு சொன்ன வரலாறு சரி. ஆனால் அரசே உண்டாக்கிய தடைகளையும் எழுதவேண்டும். நான் கேள்வி கேட்டவர் பக்கம்.

மதம் மாறாமல் இரண்டு மதத்தார் கட்டிக்கொள்ள 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் பொதுவான வழி. இருவரில் ஒருவராவது மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கவேண்டும். பிறகு நோட்டீஸ். அதைத் திருமண அலுவலர் தன் ஆபீஸில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார். ஒருவரின் நிரந்தர விலாசம் வேறு மாவட்டம் என்றால் ஒரு பிரதி அந்த மாவட்டத்துக்குப் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். 30 நாள் வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். எதிர்ப்புள்ள வீட்டிலிருந்து வந்தவர்களின் பெயரையும் விலாசத்தையும் அரசே பலகையில் ஒட்டி ஒரு மாதம் காத்திரு என்கிறது. சாதி பார்த்து வெட்டுகிற ஊரில் இது எவ்வளவு ஆபத்து! அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல், தம்பதி கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று தீர்ப்பளித்தது. நம் ஊர் ஆபீஸில் அதைக் காட்டினால் வேலைக்கு ஆகாது.

இன்னொன்று. நம் பக்கம் அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண். அக்கா மகளைக் கட்டுவதும் நெடுநாள் வழக்கம். இந்துத் திருமணச் சட்டம் இவற்றைத் தடுக்கப்பட்ட உறவு என்று எழுதிவிட்டு, வழக்கம் இருந்தால் விலக்கு என்கிறது. அதனால் கோயிலில் கட்டினால் பிரச்சினை இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்திலோ அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்கவேண்டும். மாமன் மகளை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்யப் போகிறவர்கள் கவுண்டரில் வந்து முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளை வேலையோடு அரசு நின்றால் போதும்.

அரசலாறு

ஒப்பந்தம் என்கிறீர்கள். ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரைத்தான் கட்டும். கணவன் இறந்தபின் மனைவி போய் நிற்பது தாசில்தார் ஆபீஸ், எல்.ஐ.சி., பி.எஃப்., கூட்டுறவுச் சங்கம், கருவூலம். இவர்கள் யாரும் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. ஒரு உதாரணம்: குடும்பம் இல்லாத காலத்தில் பி.எஃப்.-இல் எழுதிய நாமினேஷன், குடும்பம் வந்த நிமிஷமே செல்லாமல் போகும். மனைவி யார் என்று சட்டம் சொல்வதால்தான் அது நடக்கிறது. அதுவும் போக, இன்றைய ஒப்பந்தச் சட்டமே இந்த யோசனைக்கு இடம் கொடுக்காது. வயது வந்தவர் கல்யாணம் செய்துகொள்வதைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் அதன் 26ஆம் பிரிவின்படி செல்லாது. "நீ இருக்கும்வரை இன்னொருத்தியைக் கட்டமாட்டேன்" என்று எழுதி வாங்கினால்கூட அதை வைத்து ஒப்பந்த வழக்குப் போடுவது கஷ்டம். இருதாரத் தடைச் சட்டம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

நம் ஊரில் இதற்கெல்லாம் மேலே நிலம் இருக்கிறது. 1989 மார்ச் 25 என்ற தேதியைப் பாகப்பிரிவினை வழக்கு நடத்திய யாரும் மறக்கமாட்டார்கள். அன்றுதான் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்ற திருத்தம் அமலுக்கு வந்தது. அதில் ஒரு விலக்கு: அந்தத் தேதிக்கு முன்னே கல்யாணமான மகளுக்குப் பங்கு கிடையாது. ஆக ஒரே வீட்டில் 1988 தையில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு ஒரு குழிகூட இல்லை, 1989 ஆவணியில் கட்டிக்கொடுத்த தங்கைக்கு அண்ணனோடு சரிபாகம். 2005 செப்டம்பர் 9இல் மத்திய அரசின் திருத்தம் வந்து இந்தப் பாகுபாட்டை எடுத்தது. 2020இல் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்று தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொடமுடியாது.

இடைப்பட்ட 16 வருஷமும் ஒரு பெண்ணின் நன்செய்ப் பங்கைத் தீர்மானித்தது அவள் கல்யாணத் தேதி. பதிவு இல்லாத கல்யாணத்துக்குத் தேதியை எப்படி நிரூபிப்பது? மஞ்சள் பூசிய பத்திரிகை, மொய் நோட்டு, மண்டபத்து ரசீது, உறவுக்காரர் சாட்சி. மொய் நோட்டில் தமிழ் மாதமும் தேதியும் இருக்கும், வருஷம் இருக்காது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஓட்டை போதும். அந்த விலக்கை எழுதியதும் அரசுதான் என்று திருமலைராசன் சொல்வார். அது தப்பான விலக்குத்தான். ஆனால் அதைத் திருத்தவும் ஒரு சட்டம்தானே தேவைப்பட்டது?

வீரசோழன்

சடங்கைக் கோயிலுக்கே விட்டுவிடலாம் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் மனசு பதறுகிறது. நம் கோயில்களில் பெண் குழந்தைகளுக்குப் பொட்டுக்கட்டியதும் ஒரு கல்யாணச் சடங்குதான். மாப்பிள்ளை சாமி. அவள் வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது. அதை ஊரும் கோயிலும் தானாக நிறுத்தவில்லை. மாயவரத்துக்குப் பக்கத்து மூவலூரில் வளர்ந்த ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். 1947இல்தான் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்து சென்னை மாகாணச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டியதால் ஒரு பெண் முறையான கல்யாணம் செய்யும் தகுதியை இழக்கமாட்டாள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரி எத்தனை பெண்களுக்குக் கதவைத் திறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அம்மையார் பெயரில் அரசு கொடுத்துவந்த கல்யாண உதவி, படிப்பைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமுமாக இருந்தது. 2016இல் தங்கம் 8 கிராம் ஆனது. 2022இல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். என்னைக் கேட்டால் அது நல்ல மாற்றம். கல்யாணத்துக்குப் பணம் தருவது அரசின் வேலை இல்லை. வயது பார்ப்பது வேலை. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. அதற்குக் கீழே கல்யாணம் நடக்கப்போவது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம், மாவட்டச் சமூகநல அலுவலர் வருவார். நடத்துகிறவர்களுக்கு 2 வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆனாலும் அப்படி நடந்துபோன கல்யாணம் தானாக ரத்தாகாது. கட்டிவைக்கப்பட்டவர் தான் மேஜராகி 2 வருஷம் முடிவதற்குள் மனுப்போட்டால்தான் ரத்தாகும். பல பெண்களுக்கு இந்தக் கெடு இருப்பதே தெரிவதில்லை. தெரிந்தவர்கள் அவர்கள் காதில் போடுங்கள்.

வாஞ்சியாறு

காரைக்காலைச் சேர்க்காமல் காவிரிக் கழிமுகம் முழுமையாகாது, அதனால் எழுதுகிறேன். கேள்வியில் இருக்கும் யோசனைக்கு நேர் எதிர் முறை பிரெஞ்சுக்காரருடையது. பிரான்சில் 1792 முதல் சட்டப்படியான கல்யாணம் மேரியில் நடப்பது மட்டும்தான். நகராட்சி மன்றத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், எங்கள் ஊரிலும் பெரியவர்கள் வாயில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. தேவாலயச் சடங்கு அதற்குப் பிறகுதான். சடங்குக்குச் சட்ட மதிப்பு கிடையாது.

இதன் மிச்சம் ஒன்று எங்கள் பக்கம் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்களை ரெனோன்சான் என்பார்கள். இந்துத் திருமணச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டியபோது, ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்று 2ஆம் பிரிவிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே மாப்பிள்ளை திருநள்ளாறு, பெண் பேரளம் என்றால், எந்தச் சட்டம், எந்த ஆபீஸ் என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இடையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் மாநிலம் மாறுகிறது. தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த கல்யாணத்துக்கு வராது.

குடமுருட்டிக்கரை

பொட்டுக்கட்டும் சடங்கு எனக்குத் தோன்றவே இல்லை. சடங்கைக் கோயிலுக்கே விடலாம் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பதிவுக்கு வருவோம். 2009 சட்டப்படி பதிவு கட்டாயம் என்கிறார்கள். பதியாவிட்டால் கல்யாணம் செல்லாதா? பதிந்துவிட்டாலே கல்யாணம் ஆகிவிட்டதா? வக்கீல் ஆபீஸில் மாலை மாற்றி எழுதிக்கொடுப்பது செல்லுமா?

மண்ணியாறு

மூன்றுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நடைமுறைக்கு வருகிறேன்.

பதியாவிட்டாலும் கல்யாணம் செல்லும். இந்துத் திருமணச் சட்டம் 8ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. பதிந்தால் மட்டும் கல்யாணம் ஆகிவிடாது. சடங்கு எதுவும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கிவைத்த ஒரு வழக்கில், அது இந்துத் திருமணமே இல்லை என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் முன்னிலையில் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னதை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது. வக்கீல் நண்பராகவோ உறவினராகவோ முன்னிலை வகிக்கலாம், ஊரைக் கூட்டி அறிவிக்கத் தேவையில்லை.

இனி பதிவு. கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் 100 ரூபாய் கட்டணம். விட்டால் அடுத்த 60 நாளுக்கு 150 ரூபாய். எந்த மதமானாலும் இதுதான். முன்பு கல்யாணம் நடந்த இடத்துக்குரிய சார் பதிவாளரிடம்தான் போகவேண்டும். 2020இல் திருத்தம் வந்தபின் கணவன் அல்லது மனைவி குடியிருக்கும் ஊருக்குரிய ஆபீஸிலும் பதியலாம். சுவாமிமலையிலோ உப்பிலியப்பன் கோயிலிலோ முகூர்த்தம் வைத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறவர்கள் இதற்காக மறுபடி கும்பகோணம் வரத் தேவையில்லை.

பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, கட்டணம் கட்டி, நாள் எடுத்துக்கொண்டு, இருவரும் சாட்சிகளோடு நேரில் போகவேண்டும். கையில் இருக்கவேண்டியவை: இருவரின் வயதுச் சான்று, விலாசச் சான்று, போட்டோ, கல்யாணப் பத்திரிகை, கோயில் அல்லது மண்டப ரசீது, சாட்சிகளின் அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் அசலும் நகலும். கோயிலில் கட்டினால், இது முதல் திருமணம் என்று வி.ஏ.ஓ. கொடுத்த சான்றைக் கோயில் ஆபீஸில் முன்கூட்டியே கேட்பார்கள். அதில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் பெயரால்தான். பத்திரிகையில் வீட்டுப் பெயர், ஆதாரில் ஒரு பெயர், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அதுவே அப்பா பெயராக விரிந்திருக்கும். நீங்கள் தட்டச்சு செய்ததுதான் சான்றிதழில் அச்சாகும். வெளிநாடு போகும் உத்தேசம் இருந்தால் பாஸ்போர்ட்டில் இருக்கும்படி எழுத்து எழுத்தாக நிரப்புங்கள். பத்திரிகை அடிக்கும்போதே வீட்டுப் பெயருக்குப் பக்கத்தில் சர்டிபிகேட் பெயரையும் போடச்சொல்லுங்கள். அச்சகத்தில் ஒரு வரி கூடும், அலைச்சல் நாலு நாள் குறையும். துபாய்க்குக் குடும்ப விசா என்றால் சான்றிதழ் மட்டும் போதாது. மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று மூன்று முத்திரையும் அந்த வரிசையில் விழவேண்டும்.

இஸ்லாமியர்களுக்கு: நிக்காஹ் தப்தரின் (ஜமாத்தின் கல்யாணப் பதிவேடு) நகல் நல்ல சாட்சியம், ஆனால் அதுவே அரசுப் பதிவு ஆகாது. நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் ஜமாத்தில் எழுதியாயிற்று என்று 150 நாளையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தப்தர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கெடுவுக்குள் போங்கள்.

திருமலைராசன்

மண்ணியாறுக்கு நன்றி. வயதும் பொட்டுக்கட்டும் பற்றி வீரசோழன் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏற்கிறேன். ஆனால் யாரைக் கட்டலாம் என்பதில் அரசு வாசலில் நிற்பதை இன்னும் ஏற்கவில்லை. 2018இல் தூத்துக்குடியில் ஒரு திருநங்கைக்கும் ஓர் ஆணுக்கும் கோயிலில் கல்யாணம் நடந்தது. பதிய மறுத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல், மணப்பெண் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தபிறகுதான் வழி பிறந்தது. ஊரும் கோயிலும் ஒப்புக்கொண்டதை ஆபீஸ் ஒப்பவில்லை. ஒரே பாலினத்தார் விஷயத்தில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் தள்ளிவிட்டது. எழுதிவைக்கும் வேலையில் இருப்பவருக்கு, எழுதமாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் எதுவரை? வயது, சம்மதம், முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறதா என்ற மூன்றைத் தாண்டி அவர் எதையும் பார்க்கக்கூடாது என்பேன்.

அரசலாறு

அந்த மூன்றாவதைப் பார்க்கத்தானே நோட்டீஸே வைத்தார்கள்? அதை எடுத்துவிட்டால், முன்பே கல்யாணமானவரை எதை வைத்துப் பிடிப்பது?

திருமலைராசன்

பதிவேட்டை வைத்து. எல்லாச் சார் பதிவாளர் ஆபீஸின் திருமணப் பதிவும் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. எல்லாக் கல்யாணமும் பதிவானால், ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்தாலே முந்தைய பதிவு தெரியும்படி செய்துவிடலாம். பலகையில் பெயர் ஒட்டவேண்டாம். முழுப் பதிவு இல்லாத ஊரில் இது ஓட்டைதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

குடமுருட்டிக்கரை

கடைசியாக ஒன்று. பழைய கல்யாணம், 150 நாள் எப்போதோ தாண்டிவிட்டது, பத்திரிகையும் இல்லை. இப்போது பதிய வழி உண்டா?

மண்ணியாறு

இருவரும் இந்து என்றால் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதியலாம், அதற்குக் காலக்கெடு இல்லை. சிறப்புத் திருமணச் சட்டம் 15ஆம் பிரிவிலும் ஏற்கனவே நடந்த கல்யாணத்தைப் பதியலாம், ஆனால் அங்கேயும் 30 நாள் நோட்டீஸ் உண்டு. பத்திரிகைக்குப் பதிலாகக் கோயிலின் பழைய ரசீது, இருவர் பெயரும் உள்ள குடும்ப அட்டை, அப்பா அம்மா பெயரோடு பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றைத் திரட்டுங்கள். கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவர்களைச் சாட்சியாகக் கூட்டிப்போங்கள். அவர்களுக்கு வயதாகியிருக்கும், இந்த ஆடி கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.